கத்துகோவின் பதுங்குத் தாக்குதல்: டி-34 மட்டும் ஜெயித்துக் கொடுத்ததா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. சோவியத் டாங்கித் தளபதி மிகயீல் கத்துகோவ் இரண்டாம் உலகப் போரில் என்ன செய்தார், எதற்காக அவருக்கு இரண்டு முறை ‘சோவியத் யூனியன் வீரர்’ பட்டம் கொடுத்தார்கள் என்பது ஒன்று. 1941 அக்டோபரில் மாஸ்கோவுக்குத் தெற்கே மத்சென்ஸ்க் நகரருகே ஜெர்மன் டாங்கித் தளபதி குடேரியனின் படையை அவர் தடுத்து நிறுத்தியது கையில் சோவியத் டி-34 டாங்கி இருந்ததால்தானே என்பது மற்றொன்று.

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். டி-34 காரணம்தான், ஆனால் அது பாதிக் காரணம்கூட இல்லை. 1941 ஜூன் கடைசி வாரத்தில் மேற்கு உக்ரைனில் துப்னோ, லூட்ஸ்க், புரோதி வட்டாரத்தில் சோவியத் தரப்பிடம் நூற்றுக்கணக்கான டி-34-களும் கேவி கனரக டாங்கிகளும் இருந்தன. பெரும்பாலானவை சில நாட்களிலேயே போய்விட்டன. 8-வது யந்திரக் கோர் (பல டிவிஷன்கள் சேர்ந்த படை) சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே ஏறக்குறைய 500 கிலோமீட்டர் முன்னும் பின்னும் அலைக்கழிக்கப்பட்டது. வழியில் கிளட்ச் எரிந்து நின்றவை, டீசல் தீர்ந்து நின்றவை, சதுப்பில் இறங்கி ஏற முடியாமல் போனவை ஏராளம். எஞ்சியவையும் ஒன்றுசேராமல் துண்டு துண்டாகத் தாக்கி அழிந்தன. மூன்று மாதம் கழித்து அதே ரக டாங்கிகள் இருபத்துச் சொச்சத்தை வைத்துக்கொண்டு கத்துகோவ் ஒரு ஜெர்மன் டாங்கி டிவிஷனை ஒரு வாரம் இழுத்தடித்தார் என்றால், அவர் வேறு எதையோ செய்திருக்கிறார்.

அந்த ஜூனில் அவரும் அங்கேதான் இருந்தார். 1900-இல் மாஸ்கோ மாகாணத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, 1919-இல் செம்படையில் சேர்ந்து, முப்பதுகளின் தொடக்கத்திலிருந்து டாங்கிப் படையிலேயே வளர்ந்தவர். போர் தொடங்கிய ஜூன் 22 அன்று அறுவைச் சிகிச்சை முடிந்து கீவ் ராணுவ மருத்துவமனையில் படுத்திருந்தார். எழுந்து நேராகத் தன் 20-வது டாங்கி டிவிஷனுக்குப் போனார். பெயர்தான் டாங்கி டிவிஷன். விதிப்படி 375 டாங்கிகள் இருக்க வேண்டிய இடத்தில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட பழைய பிடி இலகு டாங்கிகள் இருந்தன. க்ளெவான் அருகே நடந்த முதல் பெரிய சண்டையிலேயே அவை முடிந்துவிட்டன. அதன் பிறகு டாங்கி வீரர்கள் காலாட்படையாகத்தான் சண்டையிட்டார்கள்.

ஆனால் அந்த டிவிஷனிடம் புதிய 85 மி.மீ. பீரங்கிகள் இருந்தன. அதன் மேல் கோருக்குத் தளபதி ரொகசோவ்ஸ்கி. லூட்ஸ்க்–ரோவ்னோ நெடுஞ்சாலையின் ஓரப் பள்ளங்களிலும் மேடுகளிலும் அந்தப் பீரங்கிகளை மறைத்து வைத்து, ஜெர்மன் அணிவகுப்பு மிக அருகில் வரும்வரை வாய் திறக்காமல் இருந்து, பிறகு நேர்க்குறி வைத்துச் சுட்டார்கள். சாலையே குப்பைமேடானது. பின்னாளில் கத்துகோவ் டாங்கிகளை வைத்துச் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதில் இருக்கிறது.

ஆகஸ்டில் அவரை மாஸ்கோவுக்கு அழைத்து, ஸ்டாலின்கிராத் பக்கத்தில் உருவாகிக்கொண்டிருந்த 4-வது டாங்கி பிரிகேடை (டிவிஷனைவிடச் சிறிய படை) ஒப்படைத்தார்கள். டி-34-கள் அந்த நகரத்து டிராக்டர் ஆலையிலிருந்தே நேரடியாக வந்தன. வீரர்களில் பலர் எல்லைச் சண்டைகளில் டாங்கி எரிந்து, பிழைத்து, பின்வாங்கி வந்தவர்கள். அக்டோபர் தொடக்கத்தில் பிரிகேடிடம் இருந்தவை: 7 கேவி, 22 டி-34, முப்பதுக்கு மேல் பழைய பிடி.

இங்கே டி-34-இன் உள்ளே கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் 1941-இல் அதற்கு இணை இல்லை. முன்புறம் 45 மி.மீ. தகடு, செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தது. ஜெர்மன் காலாட்படையின் 37 மி.மீ. பீரங்கி அதைத் தட்டத்தான் முடிந்தது. 76 மி.மீ. பீரங்கி, 500 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், சேற்றில் புதையாத அகலமான சங்கிலித் தடம் எல்லாம் இருந்தன.

உள்ளே நிலைமை வேறு. நான்கே பேர், அதில் மேலே சுழலும் கோபுரத்தில் இருவர்: குண்டு நிரப்புபவர், டாங்கித் தலைவர். பீரங்கிக்குக் குறிபார்த்துச் சுடுவதும் தலைவரே. கண்ணைக் குறிக்கண்ணாடியில் வைத்தவுடன் சுற்றிலும் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. பக்கவாட்டுப் பார்வைக் கண்ணாடிகள் மங்கல். பெரும்பாலான டாங்கிகளில் வானொலி கிடையாது. பிளட்டூன் தலைவரின் டாங்கி செய்வதைப் பார்த்து மற்றவை செய்ய வேண்டும். 77 குண்டுகளில் 9 மட்டும்தான் பக்கச் சுவர்களில் கைக்கு எட்டும். மீதி 68-உம் காலடியில், தரைப் பெட்டிகளுக்குள். ஒன்பது குண்டு தீர்ந்ததும் நிரப்புபவர் ரப்பர் விரிப்பை விலக்கி, பெட்டி மூடியைத் திறந்து, தான் நிற்கும் தரையையே தோண்டி எடுக்க வேண்டும். அந்த நேரத்தில் கோபுரம் சுழன்றால், அதோடு சேர்ந்து சுழலாத தரையில் அவர் தடுமாறுவார். கியர் மாற்ற முழு பலம் தேவை. அனுபவமில்லாத ஓட்டுநர் கியர் மாற்றும்போது எஞ்சினை அணைத்துவிடுவார். அந்த வருடம் கவசம் துளைக்கும் 76 மி.மீ. குண்டுகளுக்கும் தட்டுப்பாடு.

எதிரே வந்த ஜெர்மன் டாங்கி பான்சர் III-இல் ஐந்து பேர், கோபுரத்தில் மூவர், எல்லா வண்டியிலும் வானொலி. தலைவருக்குச் சுற்றிப் பார்ப்பதும் கட்டளையிடுவதும் மட்டுமே வேலை. ஓடிக்கொண்டே சண்டையிட்டால் அவர்கள் கை ஓங்கும். துப்னோவில் நடந்ததும் அதுதான். ஆகவே கத்துகோவ் டி-34-ஐ நிறுத்தி வைத்தார். நிற்கும் டாங்கியில் தலைவர் முன்கூட்டியே தூரங்களை அளந்து, எந்த மரத்துக்கு எத்தனை மீட்டர் என்று தெரிந்து வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். வானொலி வேண்டாம், எந்த இடத்துக்கு எதிரி வந்ததும் சுட வேண்டும் என்பது முன்பே பேசியாகிவிட்டது. கைக்கெட்டும் ஒன்பது குண்டுகளைச் சுடுவதற்குள் முதல் அடி விழுந்திருக்கும். அடுத்த நிலைக்கு நகரும்போது பெட்டியைத் திறந்துகொள்ளலாம். இயந்திரத்தின் குறை ஒவ்வொன்றும் இந்த முறையில் மறைந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்.

செப்டம்பர் 30 அன்று தெற்கிலிருந்து கிளம்பிய குடேரியனின் படை நான்கே நாளில் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி அக்டோபர் 3 அன்று ஓரியோல் நகருக்குள் நுழைந்தது. தெருவில் டிராம் ஓடிக்கொண்டிருந்தபோதே ஜெர்மன் டாங்கிகள் வந்துவிட்டன. அங்கிருந்து மத்சென்ஸ்க் 50 கிலோமீட்டர், அதைத் தாண்டினால் தூலா, பிறகு மாஸ்கோ. இடையில் நிறுத்த ஆள் இல்லை. ஜெனரல் லெலியூஷென்கோ தலைமையில் அவசரமாக ஒரு கோர் அமைத்தார்கள். விமானத்தில் இறக்கிய பாராசூட் படையினர், எல்லைக் காவலர்கள், கத்யூஷா ராக்கெட் பிரிவு ஒன்று, இரண்டு டாங்கி பிரிகேடுகள். அதில் ஒன்று கத்துகோவுடையது.

அவர் செய்தது படிப்படியாக இப்படி. முதலில், எதிரி எவ்வளவு, எந்தச் சாலையில் என்று அறிய இரண்டு சிறு டாங்கிக் குழுக்களை ஓரியோல் பக்கம் அனுப்பினார். அதில் ஒன்றின் தலைவர் அலெக்சாந்தர் புர்தா. அடுத்து, உண்மையான தற்காப்பு வரிசைக்கு முன்னால் ஒரு போலி வரிசை. கண்ணில் படும்படி தோண்டிய பதுங்குகுழிகள், கொஞ்சம் நடமாட்டம். ஜெர்மன் விமானமும் பீரங்கியும் முதலில் அதைத்தான் அடிக்கும். உண்மையான வரிசையில் மோட்டார் காலாட்படை. டாங்கிகள் அந்த வரிசையில் இல்லை. அதற்குப் பின்னாலும் பக்கங்களிலும் தோப்புகளிலும் மேட்டின் மறுசரிவிலும் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலைகள் தயார்; ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் மறைவான வழியும் பார்த்தாயிற்று.

அக்டோபர் 6 அன்று பெர்வி வோயின் கிராமத்தருகே இது முழுதாக வேலை செய்தது. லங்கர்மனின் 4-வது பான்சர் டிவிஷன் டாங்கிகள் காலாட்படையின் குழிகள் மேல் ஏறத் தொடங்கிய வேளையில், லெப்டினென்ட் திமீத்ரி லவ்ரினென்கோவின் நான்கு டி-34-கள் பக்கவாட்டுத் தோப்பிலிருந்து புகுந்து சுட்டன. சுட்டுவிட்டு மேட்டுக்குப் பின்னால் மறைந்து, வேறொரு இடத்தில் வெளியே வந்து மறுபடி சுட்டன. எதிரே இருந்தவர்களுக்கு அங்கே இருப்பது நான்கே டாங்கி என்று தோன்றவில்லை. இது டி-34-இன் மேன்மை தெளிவாகத் தெரிந்த நாள் என்றும், தன் டிவிஷனுக்கு மோசமான நேரம் என்றும் குடேரியன் பின்னாளில் எழுதினார். அந்த நவம்பரிலேயே ஜெர்மனியிலிருந்து நிபுணர் குழு ஒன்று அவர் முனைக்கு வந்து, கைப்பற்றிய டி-34-களைப் பார்த்துப் போனது. ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் பிறப்பு அங்கேதான் தொடங்குகிறது.

மத்சென்ஸ்க்கில் பிரிகேடின் கணக்குப்படி அழித்த ஜெர்மன் டாங்கிகள் 133. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்போது 4-வது பான்சர் டிவிஷனிடம் ஓடும் நிலையில் இருந்த டாங்கிகளே அவ்வளவு இல்லை. ஒரே டாங்கியை இரண்டு பேர் சுட்டு இரண்டு பேரும் கணக்கில் எழுதுவது, அடிபட்டு நின்றதை எரிந்ததாக எழுதுவது, இரவில் ஜெர்மானியர் இழுத்துப் போய்ப் பழுதுபார்த்ததை அழிந்ததாக வைத்திருப்பது என்று எல்லாப் படைகளிலும் நடந்ததுதான். அக்டோபர் 6 இரவு விழுந்த முதல் பனி, சேறு, ஜெர்மானியரின் எரிபொருள் பற்றாக்குறை ஆகியவற்றுக்கும் அந்த ஒரு வாரத் தாமதத்தில் பங்கு உண்டு. இதையெல்லாம் கழித்தாலும், நான்கு நாளில் 200 கிலோமீட்டர் ஓடிய படை அடுத்த 50 கிலோமீட்டருக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டது என்ற உண்மை நிற்கிறது.

முறையின் பலவீனமும் அங்கேயே தெரிந்தது. பதுங்குத் தாக்குதல் எதிரி வரும் வழியில்தான் பலிக்கும். அக்டோபர் 10 அன்று எபர்பாக்கின் ஜெர்மன் குழு பனிப்பொழிவில் பக்கவாட்டாகச் சுற்றி மத்சென்ஸ்க் நகருக்குள்ளேயே புகுந்து பாலத்தைப் பிடித்துவிட்டது. கத்துகோவின் பிரிகேட் ஆற்றின் தவறான கரையில் சிக்கியது. மிஞ்சியது ரயில்வே பாலம் மட்டும். இரவோடு இரவாக, குண்டுவீச்சுக்கு நடுவே, டாங்கியும் பீரங்கியும் லாரியும் அதன் மேல் கடந்தன. ஒரு வாரம் நிற்பதைவிட அந்த ஓர் இரவு கடினம் என்று நினைக்கிறேன். பின்வாங்கும்போது கட்டுக்கோப்பு குலையாமல் வெளியேறிய சோவியத் படைகள் அந்த இலையுதிர் காலத்தில் மிகக் குறைவு.

நவம்பர் 10 அன்று அவர் மேஜர் ஜெனரல். மறுநாள் 4-வது பிரிகேட் 1-வது கார்ட்ஸ் டாங்கி பிரிகேட் ஆனது. ‘கார்ட்ஸ்’ என்பது போரில் தன்னை நிரூபித்த படைக்குத் தரும் சிறப்புப் பெயர். டாங்கிப் படையில் அதை வாங்கிய முதல் பிரிகேட் இது. உடனேயே வந்தது வேறு மாதிரிச் சோதனை: வொலகலாம்ஸ்க் நெடுஞ்சாலைக்கு அருகே ஸ்கிர்மானவோ கிராமத்தை எதிரியிடமிருந்து பிடிக்க வேண்டும், மேட்டில் பதுங்கியிருப்பது இப்போது ஜெர்மானியர். மூன்று டாங்கிகளை முன்னால் விட்டு, அவற்றின் மீது சுடும் பீரங்கிகள் எங்கிருக்கின்றன என்று கண்டுபிடித்து, பின்னால் வரும் டாங்கிகள் அவற்றை அடக்கின. கிராமம் விழுந்தது. ஆனால் முன்னால் போனவர்கள் கொடுத்த விலை பெரிது. தற்காப்பில் மலிவாகக் கிடைத்தது, தாக்குதலில் அப்படிக் கிடைக்கவில்லை.

1942 முழுவதும் இந்தக் கதைதான். வசந்தத்தில் 1-வது டாங்கிக் கோர் அவரிடம் வந்தது, கோடையில் வரோனெஷ் பக்கம் அவசர எதிர்த்தாக்குதல்களில் தேய்ந்தது. செப்டம்பரில் ஸ்டாலின் அவரை அழைத்துப் பேசினார். கத்துகோவ் பதிவு செய்துள்ளபடி, ஓடிக்கொண்டே டாங்கி வீரர்கள் சுடுகிறார்களா என்று ஸ்டாலின் கேட்டார். இல்லை, குறி தப்புகிறது, குண்டு வீணாகிறது என்று இவர் பதில் சொன்னார். ஸ்டாலினுக்கு அது உவப்பாக இல்லை. அதே மாதம் 19-ஆம் தேதி, ஓடிக்கொண்டே சுடுவதைப் பழக்கத்துக்குக் கொண்டுவரச் சொல்லிப் பாதுகாப்பு ஆணையகத்தின் உத்தரவு வெளிவந்தது. குலுங்கும் டாங்கியிலிருந்து சுட்டால் படாது என்பது கத்துகோவின் தரப்பு. படாவிட்டாலும் எதிரி தலையைக் குனிவான் என்பது உத்தரவின் தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் எதிரே இருப்பது காலாட்படையா, டாங்கி எதிர்ப்புப் பீரங்கியா, டாங்கியா என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

ஒப்படைக்கப்பட்ட 3-வது யந்திரக் கோருடன் நவம்பர் கடைசியில் ர்ஷேவ் பக்கம் ‘மார்ஸ்’ நடவடிக்கையில் இறங்கினார். லுச்செசா ஆற்றுப் பள்ளத்தாக்கு குறுகியது, காடு, ஒற்றைச் சாலை. ஜெர்மன் வரிசை உடைந்தது, ஆனால் ஒலெனினோ சாலையை எட்ட முடியவில்லை. விரிந்து செயல்பட இடமில்லாத பள்ளத்தில் ஒரு கோரைத் திணித்தால் முன்னால் போகும் சில டாங்கிகள்தான் சண்டையிடும். மற்றவை வரிசையில் நிற்கும். அவருடைய போர் வாழ்க்கையில் மிகக் குறைவாகப் பேசப்படும் அத்தியாயம் இது.

1943 ஜனவரி கடைசியில் பல கோர்கள் கொண்ட 1-வது டாங்கி ஆர்மி உருவானது, தளபதி அவர். ஜூலையில் குர்ஸ்க். 600-க்கு மேற்பட்ட டாங்கிகளுடன் ஒபயான் சாலையில், முதல் வரிசைக் காலாட்படைக்குப் பின்னால் நின்றார். ஜூலை 5 அன்று முதல் வரிசை உடையத் தொடங்கியதும், மறுநாள் விடியலில் எதிர்த்தாக்குதல் நடத்த முனைத் தளபதி வத்தூத்தின் உத்தரவிட்டார். கத்துகோவ் எதிர்த்தார். ஜெர்மன் டைகர் டாங்கியின் 88 மி.மீ. பீரங்கி ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே டி-34-ஐ எரிக்கும். டி-34 அதன் முன்புற 100 மி.மீ. தகட்டை எந்தத் தூரத்திலும் நம்பி அடிக்க முடியாது, பக்கவாட்டை மிக அருகில் வந்தால்தான் துளைக்கலாம். திறந்த வெளியில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் பாதி டாங்கி போய்விடும். ஸ்டாலின் நேரடியாகத் தொலைபேசியில் அவர் கருத்தைக் கேட்டதாகவும், நின்ற இடத்திலிருந்து, மண்ணில் புதைத்த டாங்கிகளாலும் பதுங்கிடங்களிலிருந்தும் சுட்டு, எதிரியை முன்னூறு நானூறு மீட்டருக்கு வரவிட்டு அடிக்க விரும்புவதாகத் தான் சொன்னதாகவும், ஸ்டாலின் ஒப்புக்கொண்டதாகவும் கத்துகோவ் எழுதியிருக்கிறார். இது அவர் தரப்புச் சாட்சியம் என்பதை நினைவில் வைக்கவும். எப்படியோ, ஆர்மியின் பெரும்பகுதி மண்ணுக்குள்தான் நின்று சண்டையிட்டது.

‘மண்ணில் புதைத்தல்’ என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடுகிறார்கள். டி-34-இன் உடல் ஏறக்குறைய 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். கோபுரம் மட்டும் மேலே தெரிய ஒன்றரை மீட்டர் ஆழம் வேண்டும். கணக்குப் போட்டால் 27 கன மீட்டர் மண், இறங்கு சரிவையும் சேர்த்தால் 30-க்கு மேல். அதை நான்கு பேர் மண்வெட்டியால் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு டாங்கிக்கு ஒரு குழி போதாது, மாற்று நிலை வேண்டும். வெட்டிய மண்ணைப் பரப்பிப் புல் மூடாவிட்டால் விமானத்திலிருந்து புது மண் பளிச்சென்று தெரியும். காய்ந்த ஜூலைத் தரையில் முதல் குண்டு சுட்டதும் வாய்முனைக் காற்று புழுதியைக் கிளப்பி நிலையைக் காட்டிக்கொடுக்கும். பக்கவாட்டில் எதிரி வந்துவிட்டால், சரிவில் பின்னேறி வெளியே வரும் அந்தச் சில விநாடிகளில் முழு உடலும் தெரியும். தயங்கியவர்கள் குழியிலேயே எரிந்தார்கள். ஆர்மி பல கிலோமீட்டர் பின்னுக்குத் தள்ளப்பட்டது, இழப்பும் கடுமை. ஆனால் ஜெர்மானியர் ஒபயானை அடையவில்லை.

ஆகஸ்ட் 3 அன்று திசை திரும்பியது. உடைத்த வரிசையின் ஊடாக 1-வது டாங்கி ஆர்மியும் 5-வது கார்ட்ஸ் டாங்கி ஆர்மியும் ஒரே நாளில் பாய்ந்தன. ஏழாம் தேதி பொகதூகவ் விழுந்தது. கார்கோவ்–பொல்தாவா ரயில் பாதையை வெட்ட ஓடிய முன்னணிப் பிரிகேடுகள் டீசலையும் குண்டையும் காலாட்படையையும் பின்னால் விட்டுவிட்டன. ஜெர்மன் எஸ்.எஸ். டிவிஷன்கள் அவற்றைத் துண்டித்து நசுக்கின. டாங்கி ஆர்மியை இயக்குவது எரிபொருள் லாரிகளை இயக்குவதுதான் என்பதை அந்த ஆகஸ்ட் கற்றுக்கொடுத்தது.

1944-இல் அந்தப் பாடம் பலன் தந்தது. ஆண்டின் தொடக்கத்திலேயே ஓர் இழப்பு: மத்சென்ஸ்க் காலத்து புர்தா, இப்போது பிரிகேட் தளபதி, ஜனவரியில் முற்றுகையை உடைக்கும் முயற்சியில் விழுந்தார். மார்ச் சேற்றில், சக்கர வண்டிகள் அச்சு வரை புதைந்த நிலையில், ஆர்மி த்னெஸ்தர் ஆற்றுக்கு ஓடியது. மார்ச் 29 அன்று செர்னோவ்த்சி நகரைப் பிடித்தது புர்தாவின் அதே பிரிகேட், புதிய தளபதி இவான் பொய்கோவின் கீழ். ஏப்ரலில் ஆர்மியும் கார்ட்ஸ் ஆனது. இதே காலத்தில் டி-34-85 வரத் தொடங்கியது. ஐந்து பேர், கோபுரத்தில் மூவர், தலைவருக்கு என்று தனி பார்வைக் கூண்டு. 1941-இல் கத்துகோவ் பதுங்கிடத்தை வைத்து மறைத்த குறையைத் தொழிற்சாலை தீர்த்துவிட்டது. இனி ஓடியும் சண்டையிடலாம்.

ஜூலையில் லிவோவ் நடவடிக்கையில் சான் ஆற்றைக் கடந்து விஸ்துலாவுக்குப் போய், சந்தோமியெஷ் அருகே மறுகரையில் காலூன்ற உதவினார். முதல் ‘சோவியத் யூனியன் வீரர்’ பட்டம் இதற்கு, 1944 செப்டம்பர் 23 தேதியிட்டது.

இரண்டாவது 1945 ஏப்ரல் 6, விஸ்துலா–ஓடர் நடவடிக்கைக்காக. ஜனவரி 15 அன்று மக்னுஷேவ் பாலமுகப்பிலிருந்து (விஸ்துலாவின் மறுகரையில் பிடித்து வைத்திருந்த இடம்) கிளம்பி, பிலித்சா ஆற்றைக் கடந்து, லோட்ஸ் வழியாக 22-ஆம் தேதி போஸ்னான் வாசலுக்கு வந்தார். கோட்டை நகரம் அது. டாங்கியால் தெருவில் போராடிப் பிடிக்க முயலாமல், ஜெனரல் சூய்கவின் காலாட்படையிடம் விட்டுவிட்டுச் சுற்றிப் போனார். நகரம் விழ ஒரு மாதம் ஆனது. அதற்குள் அவருடைய முன்னணி ஓடர் கரையில். ஒரு டி-34-85 உள்தொட்டியில் ஏறக்குறைய 550 லிட்டர், வெளியே மூன்று 90 லிட்டர் உருளைகள். அதை வைத்து சாலையில் 300 கிலோமீட்டருக்கு மேல் போவதே பெரிது. மூன்று வாரத்துக்குள் 500 கிலோமீட்டருக்கு மேல் போனார்கள் என்றால் பின்னால் வந்த லாரிக்காரர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பெர்லின் அவருக்கு நல்ல பெயர் தரவில்லை. ஏப்ரல் 16 அன்று நகருக்குக் கிழக்கே சீலோ மேடுகளில் காலாட்படை இன்னும் வழி திறக்காத நிலையில் முனைத் தளபதி ஷுகோவ் டாங்கி ஆர்மிகளை உள்ளே தள்ளினார். அதே ஒரு சில சாலைகளில் சூய்கவின் வண்டிகளும் கத்துகோவின் வண்டிகளும் சிக்கிக்கொண்டன. இரண்டு நாள் கழித்து, மோசமாகச் செயல்படுபவர்கள் என்று ஷுகோவ் எழுத்தில் குறிப்பிட்ட ஆர்மிகளில் கத்துகோவுடையதும் ஒன்று. ஆனால் டாங்கிகளை அந்த நெரிசலுக்குள் அனுப்பிய முடிவு ஷுகோவுடையது. லுச்செசாவில் நடந்த அதே தவறுதான் பெரிய அளவில் நடந்தது. ஆர்மி தென்கிழக்கிலிருந்து நகருக்குள் சண்டையிட்டுக்கொண்டே மையத்தை நெருங்கியபோது போர் முடிந்தது.

1959-இல் அவர் கவசப்படை மார்ஷல் ஆனார். 1976-இல் மாஸ்கோவில் இறந்தார். நான்கு லெனின் விருதுகளும் முதல் வகுப்பு சுவோரவ் விருதும் அவரிடம் இருந்தன. ‘வீரர்’ பட்டத்துடன் தரும் தங்க நட்சத்திரங்கள் இரண்டில் ஒன்றுகூட மத்சென்ஸ்க்குக்காக இல்லை. அங்கே பக்கவாட்டுத் தோப்பிலிருந்து பாய்ந்த லவ்ரினென்கோ, மொத்தம் 52 டாங்கிகள் அவர் கணக்கில் இருக்க, 1941 டிசம்பர் 18 அன்று வொலகலாம்ஸ்க் அருகே சண்டை முடிந்த பிறகு விழுந்த மோர்ட்டார் சிதறலில் இறந்தார். அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. போருக்குப் பின் கத்துகோவும் லெலியூஷென்கோவும் அதற்காக மனுப் போட்டார்கள். பட்டம் 1990 மே மாதம் வந்தது.